உபால்டோவின் எழுபத்திரண்டாம் நாள்

எனெடினாவின் கணவர் உபால்டோ ஒரு திங்கட்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார், எழுந்திருக்கவில்லை. செவ்வாயன்று புதைத்தார்கள். புதைத்த நாளே ஒன்பது நாள் ஜெபம் தொடங்கியது. ஒன்பதாம் நாள் புதன்கிழமை வந்து விழுந்தது. எங்கள் துறைமுக ஊர் புவர்த்தோ பிளாட்டாவில் புதன்கிழமை என்றால் சுற்றுலாக்காரர்களோடு பெரிய கப்பல் வரும் நாள். கோளாறு அங்கேதான் ஆரம்பம்.

எனெடினா கடற்கரை விடுதி ஒன்றில் இருபத்தாறு வருடம் அறை சுத்தம் செய்தவள். துண்டுகளை அன்னப்பறவை மாதிரி மடித்துக் கட்டிலில் வைப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று விடுதியில் சான்றிதழே கொடுத்தார்கள். அதை மடித்து மேசையின் ஆட்டம் நிற்கக் காலடியில் வைத்திருந்தாள். உபால்டோ பழைய ஸ்பானியக் கோட்டையின் வாசலில் டிக்கெட் கிழிப்பவர். கோட்டை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. முப்பத்தொரு வருடம் கடலைப் பார்த்தபடி நின்றவர், ஒரு நாள்கூடக் கால் நனைத்ததில்லை. கடல் என்றால் அவருக்கு அவ்வளவு பயம். மற்றபடி ஒழுங்கான மனிதர். குடி அளவோடு, சண்டை அளவோடு, லாட்டரிச் சீட்டு மட்டும் தினமும்.

அவர்கள் வீடு மரவீடு. கூரையின் ஓரத்தில் லேஸ் வைத்துத் தைத்தது போல மரத்தில் செதுக்கியிருக்கும். வெள்ளைக்கார வியாபாரிகள் இருந்த காலத்தில் கட்டியது. பக்கத்து வீடும் அதே அச்சு. அதை அருங்காட்சியகமாக ஆக்கிவிட்டார்கள். இரண்டுக்கும் பிஸ்தாப் பச்சை நிறம், நகராட்சி சொன்ன நிறம். இதில் எது பார்க்கும் வீடு, எது வாழும் வீடு என்று உள்ளூர்க்காரர்களுக்கே சில சமயம் தடுமாற்றம் வரும்.

இழவு வீட்டுக் கதவு ஒன்பது நாளும் திறந்தே கிடக்கும். யார் வந்தாலும் ஒரு நாற்காலி, கையில் ஒரு கோப்பை இஞ்சித் தேநீர், சோடா பிஸ்கட், சீஸ் துண்டு. "நீங்க யாரு?" என்று கேட்பது எங்கள் ஊரில் செத்தவரையே அவமதிப்பது போல. செத்தவருக்கு யார் யாரைத் தெரியும் என்று பெண்டாட்டிக்கு எப்படித் தெரியும்? சில ஆண்களின் ஒன்பது நாளுக்கு இன்னொரு குடும்பமே வந்து உட்கார்ந்து அழுதுவிட்டுப் போயிருக்கிறது. அவர்களுக்கும் பிஸ்கட் கொடுத்துத்தான் அனுப்பினார்கள்.

கூடத்தில் மூன்று படி வைத்து, வெள்ளைத் துணி விரித்து, மேல்படியில் உபால்டோவின் படம், மெழுகுவர்த்திகள், அவர் குடிக்க ஒரு டம்ளர் தண்ணீர். ஒன்பதாம் நாள் கோவிலில் பகல் மணி அடிப்பதற்குள் அந்த மேடையைக் கலைத்து, செத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, போய் வா என்று சொல்லிவிட வேண்டும். அதுவரைக்கும் அவர் வீட்டில்தான் இருப்பார். சொன்னால்தான் போவார். இதையெல்லாம் முன்னின்று நடத்துகிறவள் ஜெபக்காரி செஃபா. எனெடினாவின் மகனுக்கு ஞானத்தாய், அதனால் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். செஃபா நானூறு பேரை அனுப்பி வைத்தவள். ஒருவர்கூடத் திரும்பி வந்து புகார் சொன்னதில்லை என்பது அவள் பெருமை.

அந்தப் புதன்கிழமை அவள் கடைசி ஜெபத்தை எடுக்கும்போது வெள்ளைக்காரர்கள் பதினான்கு பேர் உள்ளே வந்தார்கள். அரைக்கால் சட்டை, முதுகுப்பை, மூக்கில் வெள்ளைக் களிம்பு. அருங்காட்சியகம் என்று நினைத்து வந்தவர்கள். எல்லோரும் அழுதுகொண்டிருந்ததால் தொப்பியைக் கழற்றினார்கள்.

செஃபா ஜெபத்தின் நடுவிலேயே தலையைச் சாய்த்துக் கேட்டாள். "யாரு கொமாத்ரே இவங்கல்லாம்?"

"அவருக்குத் தெரிஞ்சவங்களா இருக்கும்," என்றாள் எனெடினா. "முப்பத்தொரு வருஷம் இவங்க டிக்கெட்டைத்தானே கிழிச்சாரு."

சொன்னதும் அவளே அதை நம்பிவிட்டாள். டிக்கெட் கிழித்தவரை நினைவு வைத்து, கப்பல் ஏறி, துக்கம் கேட்க வந்திருக்கிறார்கள். எழுந்துபோய்த் தன் கையாலேயே பதினான்கு கோப்பை தேநீர் ஊற்றினாள்.

அவர்களைக் கூட்டி வந்த வழிகாட்டி ராடமேஸ் வெளியே போனில் பேசிவிட்டு அப்போதுதான் வந்தான். அதே தெருப் பையன். நாலு மொழி பேசுவான், நாலையும் ஒரே மாதிரி தப்பாகப் பேசுவான். கல்யாண வீடானால் மாப்பிள்ளை, இழவு வீடானால் பிணம், அப்படி ஒரு ஆசாமி. நடந்தது என்ன என்று ஒரு பார்வையில் புரிந்துகொண்டான். மன்னிப்புக் கேட்டுக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். அவனோ படத்துக்குப் பக்கத்தில் போய் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, தணிந்த குரலில் விளக்க ஆரம்பித்தான்.

அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. விருந்தாளி கையில் கோப்பை இருக்கும்போது மேடையைக் கலைக்க முடியாது. அவர்களோ ரசித்து ரசித்துக் குடித்தார்கள். கோவில் மணி அடித்தது.

செஃபா ஜெபமாலையைப் பையில் போட்டாள். "போச்சு. இன்னும் ஒன்பது நாள் எடுக்கணும்."

"சரி," என்றாள் எனெடினா.

கொஞ்சம் வேகமாகவே சொல்லிவிட்டாள். செஃபா அவளை ஒரு தரம் உற்றுப் பார்த்தாள்.

அடுத்த புதன்கிழமை காலை ராடமேஸ் ஜன்னலில் தலையை நீட்டினான். வயதில் மூத்த பெண்களை டோன்யா என்று கூப்பிடுவது எங்கள் ஊர் மரியாதை.

"டோன்யா எனெடினா, மேடை இருக்குல்ல?"

"இருக்கு."

"இன்னிக்கு இருபது பேரு. கொஞ்ச நேரம்தான். போன தடவை வந்தவங்க எழுதியிருக்காங்க, கோட்டை, மலை, ரம் ஆலை எல்லாத்தையும் விட உங்க வீடுதான் பிடிச்சுதாம்."

"நாற்காலி பதினஞ்சுதான்டா இருக்கு."

"நிப்பாங்க டோன்யா. காசு குடுத்து நிக்கிற ஜனம்."

பதினெட்டாம் நாள் வந்தது, மேடையைக் கலைக்கவில்லை. எனெடினாவுக்கு அன்று தலைவலி. இருபத்தேழாம் நாள் வந்தது, அன்று வெள்ளைத் துணி துவைத்து ஈரமாக இருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? காசுக்காகப் புருஷனை நிறுத்தி வைத்திருக்கிறாள் என்றது ஊர். காசு வந்தது உண்மைதான். முதலில் வெள்ளைக்காரர்கள் எங்கே போடுவது என்று தெரியாமல் உபால்டோவின் தண்ணீர் டம்ளரிலேயே நாணயங்களைப் போட்டார்கள். "அவரு குடிக்கிற தண்ணிடீ!" என்று செஃபா நெஞ்சில் அடித்துக்கொண்ட பிறகு பக்கத்தில் ஒரு சாக்லேட் டப்பா வைத்தார்கள். டப்பாவில் விழுந்தது பூவுக்கும் இஞ்சிக்கும் போனது. உண்மைக் காரணம் வேறு. அவளுக்கு அவரை அனுப்ப மனம் வரவில்லை, அவ்வளவுதான். நாற்பது வருடம் கூட இருந்த மனிதரைத் தன் வாயாலேயே போ என்று சொல்லவேண்டும் என்று எவன் விதித்தான்? மேடை நிற்கிற வரைக்கும் அவர் வீட்டில் இருக்கிறார். இரவு படுக்கும்போது, "விளக்கை அணைக்கிறேன்," என்று கூடத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு அணைப்பாள்.

இருபத்தேழாம் நாள் செஃபா எழுந்துவிட்டாள்.

"நான் வரலை இனிமே. ஒரு கால் உள்ள, ஒரு கால் வெளியன்னு ஆளை வாசப்படியில நிக்க வெச்சிருக்க. கோட்டை வாசல்ல நின்னது போதாதா அந்த மனுஷனுக்கு?"

"உனக்கென்ன கொமாத்ரே, உன் புருஷன் ஓடிப்போனவன். அனுப்புற வேலையே உனக்கு இல்லை."

"ஆமா. அவனாவது சொல்லாமப் போகத் தெரிஞ்சவன்," என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனாள் செஃபா.

ஜெபக்காரி இல்லாமலே புதன்கிழமைகள் நடந்தன. எனெடினா கறுப்பு உடையில் மேடைக்குப் பக்கத்தில் உட்காருவாள். பத்தரைக்கு ஆட்கள் வருவார்கள், பத்தே முக்காலுக்கு அவளுக்கு அழுகை வரும். யாரும் சொல்லி அவள் அழவில்லை. பஸ் வருவது போல அது பாட்டுக்கு வந்தது.

ராடமேஸின் விளக்கம் மட்டும் வாராவாரம் வளர்ந்தது. முதல் வாரம் உபால்டோ கோட்டைக் காவலர். மூன்றாம் வாரம் கோட்டைத் தலைவர். ஐந்தாம் வாரம் கப்பல் கேப்டன். எனெடினாவுக்கு ஆங்கிலம் துண்டு, சோப்பு, படுக்கைவிரிப்பு அளவுக்குத்தான் தெரியும். ஆனால் கேப்டன் என்ற சொல் எந்த மொழியிலும் புரியும். ஆட்கள் போனதும் அவனைப் பிடித்தாள்.

"யாருடா கேப்டன்?"

"டோன்யா, அவங்க கப்பல்ல வர்றவங்க. அவங்களுக்கு ஒரு ஒட்டுதல் வேணாமா? டிக்கெட் கிழிச்சாருன்னு சொன்னா யாரு அழுவா?"

"நான் அழறேன்ல?"

"நீங்க வீட்டுக்காரங்க."

அவள் அவனைப் போக விட்டாள். அதற்கு ஒரு காரணம் இருந்தது. கேப்டன் என்று சொன்னதும் வெள்ளைக்காரர்கள் படத்தை நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு கிழவர் சல்யூட் அடித்தார். முப்பத்தொரு வருடத்தில் டிக்கெட்டை நீட்டிய ஒருவரும் உபால்டோவின் முகத்தைப் பார்த்ததில்லை, எல்லோரும் கையைத்தான் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். அதன்பிறகு ஆட்கள் போனதும் அன்றைய கதையை ராடமேஸ் அவளுக்கும் சொல்லிவிட்டுத்தான் போவான். ஏழாம் வாரம் கேப்டன் புயலில் நாற்பது பேரைக் காப்பாற்றினார். எட்டாம் வாரம் அவர் உயரமாகவும் ஒல்லியாகவும் ஆகிவிட்டார், வெள்ளைத் தொப்பியும் வந்துவிட்டது.

அதே வாரம் நகராட்சியின் பாரம்பரியப் பிரிவிலிருந்து ஒரு பெண் அதிகாரி அளவுநாடாவோடு வந்தாள். மேடையை நீளம், அகலம், உயரம் என்று அளந்து எழுதிக்கொண்டாள். எனெடினா அவளுக்கும் தேநீர் கொடுத்தாள்.

"இனிமே இது பாதுகாக்கப்பட்ட வாழும் பாரம்பரியம், டோன்யா. எழுத்து மூலமா அனுமதி வாங்காம இடம் மாத்தக்கூடாது, நிறம் மாத்தக்கூடாது, கலைக்கக்கூடாது."

"அனுமதி வாங்க எவ்வளவு நாளாகும்?"

"பக்கத்துத் தெருவுல ஒரு ஜன்னலுக்கு நாலு வருஷம் ஆச்சு," என்றாள் அதிகாரி, பெருமையாக.

எனெடினாவுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அரசாங்கமே சொல்லிவிட்டது, உபால்டோ எங்கும் போக வேண்டாம்.

அறுபத்தொன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கிலிருந்து மகன் வில்கின் போன் செய்தான். குடியேற்றக் காகிதம் சரியாகாததால் அப்பாவின் அடக்கத்துக்கு வரமுடியாதவன். ஒன்பது நாளையும் போனிலேயே பார்த்து அழுதவன். வாராவாரம் கூப்பிடுவான்.

"புதன்கிழமை ரொம்பக் கூட்டம்," என்றாள் எனெடினா. "ஒரு பொம்பளை தேம்பித் தேம்பி அழுதா. நாப்பது பேரைக் காப்பாத்தினாருன்னு கேட்டதும் தாங்கலை அவளுக்கு."

"யாரும்மா காப்பாத்தினது?"

"உங்கப்பாதான். அந்தப் புயல்ல."

"அம்மா," என்றான் வில்கின் மெதுவாக. "அப்பா குளிக்கிற தொட்டியில தண்ணி முழங்காலுக்கு மேல ஏறினாலே எந்திரிச்சிருவாரும்மா. என்னை நீச்சல் கத்துக்கவே விடலை."

"தெரியும்டா. அந்த ராடமேஸ் பய சொல்றது. வாய்ல வந்துருச்சு," என்று சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டான்.

போனை வைத்தபிறகு அவள் கட்டிலில் உட்கார்ந்து உபால்டோவை நினைத்துப் பார்த்தாள். வந்தவர் வெள்ளைத் தொப்பியோடு வந்தார். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி நினைத்தாள். தொப்பி திரும்ப வந்தது. அவர் தும்மினால் தெருவே திரும்பிப் பார்க்கும். அந்தத் தும்மல் எப்படி இருக்கும் என்று யோசித்தாள், காதுக்குள் வரவில்லை. கேப்டன் தும்மவே இல்லை. எழுபது நாளாக அவரைப் பிடித்து வைத்திருப்பதாக நினைத்தாளே, வீட்டுக்குள் யாரைப் பிடித்து வைத்திருக்கிறாள்? சொந்தப் புருஷனை வெளியே விட்டு யாரோ ஒருத்தனுக்குத் தினமும் தண்ணீர் மாற்றி வைத்துக்கொண்டிருக்கிறாள். எனெடினா பயந்தது வாழ்நாளில் மூன்று தடவை இருக்கும், அதில் இது ஒன்று.

திங்கட்கிழமை காலை செஃபாவின் வீட்டுக்குப் போனாள். செஃபா வாழைக்காய் வறுத்துக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை.

"கொமாத்ரே, அவரை அனுப்பணும்."

"நகராட்சி விடுமா?"

"நகராட்சி கிடக்கட்டும். அவர் முகம் மறந்துபோயிடும் போலருக்கு எனக்கு."

செஃபா அடுப்பை அணைத்துவிட்டு விரல்விட்டு எண்ணினாள். "ஒன்பது முடியிற அன்னிக்குத்தான் அனுப்பலாம். நாளன்னிக்கு எழுபத்திரண்டு. எட்டு ஒன்பது." இன்னொரு முறை எண்ணினாள். "அட கடவுளே, புதன்கிழமை."

"கப்பல் நாளு."

"அதை விட்டா அடுத்த ஒன்பது வெள்ளிக்கிழமையில விழுது. வீடு காலியா இருக்கும். வெள்ளிக்கிழமையே பண்ணிருவோமா?"

"அதுக்குள்ள இன்னொரு புதன் வருது," என்றாள் எனெடினா. "இன்னொரு புதன் எனக்குத் தாங்காது."

புதன்கிழமை ஒன்பதரைக்கு ஜெபம் தொடங்கியது. மூன்று சுற்று ஜெபமாலை, எப்படியும் இரண்டு மணி நேரம். கதவைச் சாத்தலாமா என்று செஃபா கேட்டாள். இழவு வீட்டுக் கதவைச் சாத்தினதாகத் தன்னைப் பற்றி ஒரு பேச்சு வரக்கூடாது என்றாள் எனெடினா. ஆகவே பத்தரைக்கு ராடமேஸ் இருபத்திரண்டு பேரோடு உள்ளே வந்தான். செஃபாவைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. அழுகையோடு ஜெபக்காரியும் சேர்ந்தால் கூட்டத்துக்குப் பிடிக்கும். ஜெபம் முடிந்து எனெடினா மெழுகுவர்த்தியை அணைக்கக் கை நீட்டிய பிறகுதான் அவனுக்கு விஷயம் புரிந்தது.

"டோன்யா, நகராட்சிக் கடிதம் இருக்கு. கலைக்கக்கூடாது. எங்க கம்பெனி அச்சடிச்ச தாள்லயே உங்க வீடு வந்தாச்சு."

"மேசை என்னோடது. துணி என்னோடது. புருஷனும் என் புருஷன்தான். நகராட்சிக்கு வேணும்னா அவங்க புருஷனை நிக்க வெச்சுக்கட்டும்."

"இவங்ககிட்ட நான் என்ன சொல்ல?"

"நான் சொல்றதை அப்படியே சொல்லு. நடுவுல உன் சரக்கு எதுவும் வேண்டாம்."

அவள் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். விடுதியில் இருபத்தாறு வருடம் இவர்களுடைய படுக்கையை விரித்தவள், இவர்களிடம் நேராகப் பேசியது இதுதான் முதல் தடவை.

"இவர் பேரு உபால்டோ. கோட்டையில டிக்கெட் கிழிச்சாரு."

ராடமேஸ் மொழிபெயர்த்தான்.

"கப்பல்ல ஏறினதே இல்லை. கடல்னா பயம். யாரையும் காப்பாத்தலை. ஒரு தடவை மரத்துல ஏறின எங்க பூனையைக் காப்பாத்தப் போனாரு, பூனைதான் இவரைக் கீழ எறக்கிச்சு."

ஒரு பெண் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சல்யூட் எதுவும் இல்லை. முன்வரிசையில் இருந்த ஒருவர் மட்டும் குனிந்து படத்தில் இருந்த முகத்தைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார்.

செஃபா மேலிருந்து கீழாக மெழுகுவர்த்திகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். துணியை உருவினார்கள். துணி போனதும் மேடை என்பது இரண்டு பழப்பெட்டியும் ஒரு மேசையும்தான் என்று தெரிந்தது. எனெடினா டம்ளர் தண்ணீரைத் தெருவில் ஊற்றிவிட்டு வந்தாள். கோவில் மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.

"கூப்பிடு," என்றாள் செஃபா.

எனெடினா மேடை இருந்த இடத்தைப் பார்த்து நின்றாள். செஃபா அவள் முதுகில் கை வைத்தாள்.

"உபால்டோ. ஒன்பது நாள்ல போக வேண்டியவரை நான் நிறுத்தி வெச்சுட்டேன். நீங்க இல்லாம எனக்கு வீட்டுல இருக்கத் தெரியலை, அதான். கோவிச்சுக்காதீங்க. கிளம்புங்க."

சொல்லி முடித்ததும் வாசலைப் பார்த்தாள். வாசல் நிறைய ஆட்கள்.

"ராடமேஸ், வழியில நிக்கிறாங்க. ஒதுங்கச் சொல்லு. அவர் போகணும்."

அவன் சொன்னான். இருபத்திரண்டு பேரும் நடுவில் ஒரு ஆள் போகிற அளவு இடம் விட்டு இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள்.

எனெடினா அந்த இடத்தைப் பார்த்தாள். தலையை ஆட்டினாள்.

"பத்தாது. இன்னும் தள்ளி நிக்கச் சொல்லு," என்றாள். "அவர் நல்ல குண்டு."

ராடமேஸ் ஒரு கணம் அவளைப் பார்த்தான். பிறகு ஒன்றும் சேர்க்காமல் அப்படியே சொன்னான். எல்லோரும் முதுகுப்பைகளைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்கள். யாரும் படம் எடுக்கவில்லை. சற்று நேரம் கழித்து ஒருவர் நகரப் பார்த்தார். எனெடினா கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். உபால்டோ மெதுவாகத்தான் நடப்பார்.